இரண்டாமிடத்தின் இரு விலைகள்: ஐஸ்லாந்துப் பெண்கள் அணி யூரோவில் ஐந்து முறை ஆடியும் உலகக் கோப்பையில் ஏன் இல்லை?

2027 பெண்கள் உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிச் சுற்றின் குழுப் பட்டியலில் ஒரு குழு கண்ணை உறுத்தும். ஸ்பெயின், இங்கிலாந்து, உக்ரைன், ஐஸ்லாந்து. ஸ்பெயின் 2023-இன் உலகச் சாம்பியன். இங்கிலாந்து 2022, 2025 என அடுத்தடுத்து இரண்டு முறை ஐரோப்பியச் சாம்பியன். நான்காவது பெயர், நான்கு லட்சம் பேர்கூட வாழாத ஒரு தீவு.

இங்கே இரண்டு குழப்பங்கள் எழுகின்றன. இவ்வளவு சிறிய நாடு பெரிய அணிகளின் தட்டுக்கு எப்படி வந்தது என்பது ஒன்று. மற்றது இன்னும் வினோதமானது. யூரோ எனப்படும் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் இந்த அணி 2009, 2013, 2017, 2022, 2025 என ஒன்று விடாமல் ஐந்து முறை ஆடியிருக்கிறது. அதே அணி இன்றுவரை ஒரு உலகக் கோப்பையில்கூடக் கால் வைக்கவில்லை. ஐரோப்பாவின் முதல் பதினாறில் இடம் பிடிப்பவர்கள், 32 அணிகள் ஆடும் உலகக் கோப்பைக்கு வெளியே நிற்பது எப்படி?

"கடைசி நேரத்தில் பதறிவிடுகிறார்கள்", "அதிர்ஷ்டம் இல்லை" என்ற பேச்சை ஏற்க முடியாது. விடை பெரும்பாலும் விதிமுறையில் இருக்கிறது. மீதி, மக்கள்தொகையில் இருக்கிறது. முதலில் விதிமுறை.

இரண்டு போட்டிகள், இரண்டு வாசல்கள்

தகுதிச் சுற்று என்பது முதன்மைப் போட்டிக்கு யார் போவது என்று தீர்மானிக்கும் ஆட்டங்களின் தொகுப்பு. அணிகளைச் சிறு குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு அணியும் தன் குழுவில் உள்ள மற்ற அணிகளோடு சொந்த மண்ணில் ஒன்று, வெளியூரில் ஒன்று என இரண்டு முறை மோதும். குழுவில் முதலிடம் பெறும் அணிக்கு வழக்கமாக நேரடி நுழைவு. அதற்குக் கீழே உள்ளவர்களில் சிலருக்குப் பிளேஆஃப் என்ற இன்னொரு வாய்ப்பு. அங்கே ஓரிரு ஆட்டங்களிலேயே வாழ்வா சாவா என்று முடிந்துவிடும்.

யூரோவும் உலகக் கோப்பையும் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. வேறுபடுவது ஐரோப்பாவுக்குக் கிடைக்கும் இடங்களின் எண்ணிக்கை. யூரோவில் எல்லா இடங்களும் ஐரோப்பாவுக்கே. 2009-லும் 2013-லும் 12. 2017 முதல் 16. உலகக் கோப்பையில் ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கக் கண்டங்கள், ஓசியானியா எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆகவே ஐரோப்பாவிலிருந்து 2011-இல் போன அணிகள் போட்டியை நடத்திய ஜெர்மனியையும் சேர்த்து 5. 2015-இல் 8. 2019-இல் பிரான்ஸைச் சேர்த்து 9. 2023-இல் 11 நேரடி இடங்கள், அதோடு கண்டங்களுக்கு இடையிலான பிளேஆஃபில் ஒரு வாய்ப்பு. 2027-லும் அதே 11-உம் ஒரு வாய்ப்பும்தான்.

உலகக் கோப்பையின் மொத்த அணிகள் 2015-இல் 24 ஆகவும் 2023-இல் 32 ஆகவும் பெருகியதால் ஐரோப்பாவின் பங்கும் பெருகியது உண்மை. ஆனாலும் ஐரோப்பியத் தரவரிசையில் ஏறத்தாழ 8 முதல் 13 வரையிலான இடங்களில் ஏறியிறங்கும் ஓர் அணிக்கு, 16 இடங்கள் உள்ள வாசல் அகலமானது; 9 அல்லது 11 இடங்கள் உள்ள வாசல் தோளை இடிக்கும். ஐஸ்லாந்து நிற்பது சரியாக அந்த இடைவெளியில்.

எட்டு முறை இரண்டாமிடம்

2009 யூரோவுக்கான தகுதிச் சுற்றிலிருந்து 2025 யூரோ வரை இந்த அணி ஒன்பது தகுதிச் சுற்றுகளை ஆடி முடித்திருக்கிறது. அவற்றில் ஒன்றில் மட்டும் முதலிடம். மற்ற எட்டிலும் இரண்டாமிடம். இந்த எட்டு இரண்டாமிடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மர்மம் கலைந்துவிடும்.

1. 2009 யூரோ: பிரான்ஸுக்கு அடுத்து இரண்டாமிடம். பிளேஆஃபில் அயர்லாந்தை வென்று உள்ளே போனது. ஐஸ்லாந்தின் மூத்தோர் அணி ஒன்று, ஆண்களோ பெண்களோ, பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றது அதுவே முதல் முறை. ஆண்கள் அணி அந்த இடத்துக்கு வர 2016 ஆயிற்று.

2. 2011 உலகக் கோப்பை: மீண்டும் பிரான்ஸுக்கு அடுத்து இரண்டாமிடம். அந்தச் சுற்றில் எஸ்டோனியாவை 12–0 என்று வென்றார்கள். அணியின் மிகப் பெரிய வெற்றி அது. பயன் எதுவும் இல்லை, ஏனெனில் அந்த முறை பிளேஆஃபுக்கே குழு வெற்றியாளர்கள் மட்டும்தான் போக முடியும்.

3. 2013 யூரோ: நார்வேக்கு அடுத்து இரண்டாமிடம். பிளேஆஃபில் உக்ரைனை வென்று உள்ளே.

4. 2015 உலகக் கோப்பை: சுவிட்சர்லாந்துக்கு அடுத்து இரண்டாமிடம். ஏழு குழுக்களின் இரண்டாமிட அணிகளில் சிறந்த நான்குக்கு மட்டுமே பிளேஆஃப். அந்த நான்கில் ஐஸ்லாந்து இல்லை.

5. 2019 உலகக் கோப்பை: ஜெர்மனிக்கு அடுத்து இரண்டாமிடம். மீண்டும் அதே "சிறந்த நான்கு" விதி, மீண்டும் வெளியே.

6. 2022 யூரோ: சுவீடனுக்கு அடுத்து இரண்டாமிடம். சிறந்த மூன்று இரண்டாமிட அணிகளுக்கு நேரடி நுழைவு என்பது விதி. பிளேஆஃப்கூட ஆடாமல் உள்ளே.

7. 2023 உலகக் கோப்பை: நெதர்லாந்துக்கு அடுத்து இரண்டாமிடம். இந்த முறையும் சிறந்த மூன்று இரண்டாமிட அணிகளுள் ஒன்று. ஆனால் உலகக் கோப்பையில் அதற்குக் கிடைத்த பரிசு, பிளேஆஃபின் முதல் சுற்றை ஆட வேண்டாம் என்ற சலுகை மட்டும்.

8. 2025 யூரோ: ஜெர்மனிக்கு அடுத்து இரண்டாமிடம். குழுவில் முதல் இருவருக்கும் நேரடி நுழைவு. உள்ளே.

விடுபட்ட ஒன்று 2017 யூரோ. அதில் ஸ்காட்லாந்தை முந்திக் குழுவில் முதலிடம்.

ஆறாவதையும் ஏழாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒன்பது குழுக்கள். இரண்டிலும் ஐஸ்லாந்து இரண்டாமிடம். இரண்டிலும் சிறந்த மூவருள் ஒன்று. யூரோவில் அந்த இடம் டிக்கெட். உலகக் கோப்பையில் அதே இடம் ஒரு நுழைவுத் தேர்வுக்கான அழைப்புக் கடிதம். ஆட்டத் தரம் மாறவில்லை, கணக்கு மாறியது.

உட்ரெக்ட், 93-ஆவது நிமிடம்

விதிமுறை குறுகலாக இருந்தாலும் முதலிடம் பிடித்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. 2022 செப்டம்பர் 6 அன்று அந்த முதலிடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் குழுவின் கடைசி ஆட்டம். ஏழு ஆட்டங்களில் ஐஸ்லாந்துக்கு 18 புள்ளிகள்; நெதர்லாந்துக்கு 17. சமன் செய்தால் போதும், வரலாற்றில் முதல் முறையாக உலகக் கோப்பை. ஆட்டம் முழுக்க நெதர்லாந்தே பந்தை வைத்திருந்தது. கோல்கீப்பர் சாண்ட்ரா சிகுர்தார்டோத்திர் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்துக்கொண்டே இருந்தார். 90 நிமிடங்கள் முடிந்தன, கோல் இல்லை. இழப்பீட்டு நேரத்தின் மூன்றாவது நிமிடத்தில், 19 வயது எஸ்மே ப்ருக்ட்ஸ் அடித்த பந்து வலைக்குள் போயிற்று. 1–0. புள்ளிப் பட்டியலில் நெதர்லாந்து 20, ஐஸ்லாந்து 18.

ஐந்து வாரங்கள் கழித்து, அக்டோபர் 11 அன்று பிளேஆஃப். ஒரே ஆட்டம்; எந்த ஊரில் என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது, அது போர்ச்சுகல் பக்கம் விழுந்தது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஐஸ்லாந்து வீராங்கனை ஒருவருக்குச் சிவப்பு அட்டை, எதிரணிக்குப் பெனால்டி. பத்துப் பேராக ஆடியும் க்ளோடிஸ் பெர்லா விக்கோஸ்டோத்திர் கோலடித்துச் சமன் செய்தார். 90 நிமிடம் முடிவில் 1–1. அரை மணி நேரக் கூடுதல் ஆட்டத்தில் கால்கள் ஓய்ந்தன. போர்ச்சுகல் மூன்று கோல்கள் அடித்தது. அந்தச் சுற்றில் அதே சலுகையைப் பெற்றிருந்த மற்ற இரண்டு அணிகளான சுவிட்சர்லாந்தும் அயர்லாந்தும் தங்கள் ஆட்டங்களை வென்று உலகக் கோப்பைக்குப் போய்விட்டன. மூவரில் விடுபட்டது ஐஸ்லாந்து மட்டும்.

2019 சுற்றுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 2017 அக்டோபரில் ஜெர்மனியை அதன் மண்ணிலேயே, வீஸ்பாடனில், 3–2 என்று வென்றார்கள். பெண்கள் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஜெர்மனி தோற்றது 1998-க்குப் பிறகு அன்றுதான். டாக்னி பிரின்யார்ஸ்டோத்திர் இரண்டு கோல்கள் அடித்தார். ஓராண்டுக்குள் எல்லாம் மாறியது. 2018 செப்டம்பரில் ரெய்க்யவிக்கில் ஜெர்மனி 2–0 என்று பழி தீர்த்தது. மூன்று நாள் கழித்துச் செக் குடியரசோடு 1–1. அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை அணித்தலைவி சாரா பியோர்க் குன்னார்ஸ்டோத்திரால் கோலாக்க முடியவில்லை.

இவற்றைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு பெனால்டியிலும் ஒரு 93-ஆவது நிமிடத்திலும் நாட்டின் கனவு தொங்க வேண்டியிருப்பதே, வாசல் எவ்வளவு குறுகல் என்பதற்கு அடையாளம். ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் ஓர் ஆட்டம் தவறினால் அடுத்ததில் சரிசெய்துகொள்ளலாம். ஐஸ்லாந்துக்குத் தவறு செய்ய ஒதுக்கிய இடமே கிடையாது.

கூரைக்கடியில் வளர்ந்த கால்பந்து

இனி முதல் கேள்வி. இவ்வளவு தூரம் வந்தது எப்படி?

ஐஸ்லாந்தின் குளிர்காலத்தில் ஒரு நாளுக்கு நான்கு, ஐந்து மணி நேரமே வெளிச்சம். காற்று ஆளைத் தள்ளும். தரை உறையும், உறைந்த தரையில் விழுந்தால் முட்டி பெயரும். 20-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கே கால்பந்து என்பது கோடைகால விளையாட்டு. மற்ற மாதங்களில் சரளை மைதானத்திலோ பள்ளிக்கூட ஜிம்னாசியத்திலோ ஒப்பேற்ற வேண்டியிருந்தது. 2000-இல் கெஃப்லாவிக் நகரில் முழு அளவு மைதானம் ஒன்றைக் கூரைக்குள் கொண்டுவந்தார்கள். வெளியே பனிப்புயல், உள்ளே செயற்கைப் புல், விளக்கு, வெள்ளைக் கோடுகள், பத்து வயதுச் சிறுமிகள். அதன்பின் ரெய்க்யவிக், கோபாவோகுர், அக்குரேய்ரி என்று ஊர் ஊராக இத்தகைய கூடங்கள் எழுந்தன. கட்டியவை பெரும்பாலும் நகராட்சிகள். பள்ளிகளின் அருகே செயற்கைப் புல்லோடு சிறு ஆடுகளங்களும் நாடெங்கும் நூற்றுக்குமேல் போடப்பட்டன.

கூரை மட்டும் ஆட்டக்காரரை உருவாக்காது. மூன்று ஏற்பாடுகள் அதோடு சேர்ந்தன.

1. பயிற்சியாளர். ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏ வழங்கும் பயிற்சியாளர் உரிமத்துக்கான வகுப்புகளை ஐஸ்லாந்துக் கால்பந்துச் சங்கம் தானே நடத்தி, சிறுவர் பிரிவுகளுக்கும் உரிமம் பெற்ற, ஊதியம் வாங்கும் பயிற்சியாளர்களை வைத்தது. பல நாடுகளில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஓய்வு நேரத்தில் வரும் ஒரு தந்தையோ அண்ணனோதான் கற்றுத் தருவார்கள். இங்கே படித்துத் தேறியவர் கற்றுத் தருகிறார்.

2. கிளப் என்ற ஊர்ச் சொத்து. ஐஸ்லாந்தின் கிளப்கள் தனியார் கம்பெனிகள் அல்ல, ஊர்ச் சங்கங்கள். ஆண், பெண், சிறுவர், முதியோர் எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே சின்னம், ஒரே மைதானம். பெண்கள் பிரிவு என்பது பின்னால் ஒட்டவைத்த கிளை அல்ல. பெண்களுக்கான தேசிய லீக் 1972-லேயே தொடங்கிவிட்டது. 2021–22 பருவத்தில் ப்ரெய்தாப்லிக் கிளப்பின் பெண்கள் அணி சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் ஆடியது. ஐஸ்லாந்துக் கிளப் ஒன்று, ஆண்கள் அணிகளையும் சேர்த்தே சொல்வதானால், ஐரோப்பியப் போட்டியின் குழுச் சுற்றை எட்டியது அதுவே முதல் முறை.

3. பெண்கள் வெளியே வந்த நாடு. 1975 அக்டோபர் 24 அன்று நாட்டின் பெண்களில் சுமார் 90 விழுக்காட்டினர் வீட்டு வேலையையும் அலுவலக வேலையையும் நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். ஐந்தாண்டுகளில் விக்டிஸ் ஃபின்போகாடோத்திர் குடியரசுத் தலைவரானார். உலகிலேயே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் பெண் குடியரசுத் தலைவர் அவர். அதற்கடுத்த ஆண்டு, 1981 செப்டம்பர் 20 அன்று, ஸ்காட்லாந்தின் கில்மார்னக் நகரில் பெண்கள் தேசிய அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடி 2–3 என்று தோற்றது. வேலைநிறுத்தம் கால்பந்து அணியை உருவாக்கியது என்று நேர்க்கோடு போட முடியாது. ஆனால் மகளைப் பந்தாட அனுப்புவதா என்று தயங்காத ஒரு தலைமுறைப் பெற்றோர் அங்கே உருவானார்கள்.

அணியின் பட்டியலைப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும் ஒரு சிறு ஐயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். எல்லாப் பெயரும் 'டோத்திர்' என்று முடிகிறதே, எல்லோரும் சொந்தக்காரர்களா? இல்லை. அந்த நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரோடு (சில வேளை தாயின் பெயரோடு) 'மகள்' என்ற சொல் சேர்கிறது, அவ்வளவே. நம் இனிஷியல் செய்யும் வேலையை அது செய்கிறது. அழைப்பது எப்போதும் முதற்பெயரால்தான்.

மற்றவர்கள் கதவை மூடியிருந்த காலம்

ஐஸ்லாந்தின் கூடங்களையும் பயிற்சியாளர்களையும் புகழ்ந்து எழுதுவோர் அநேகமாக விட்டுவிடும் ஒரு காரணம் உண்டு. என் கணிப்பில் அதுவே முக்கியமானது. சிறிய நாடு முன்னேற முடிந்ததற்குப் பெரிய நாடுகளின் புறக்கணிப்பும் ஒரு காரணம்.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1921-இல் தன் உறுப்பினர் கிளப்களின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. அது நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை இதேபோன்ற தடை. 2027 உலகக் கோப்பையை நடத்தும் பிரேசிலில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்தாடுவதைச் சட்டமே தடுத்தது. தடை நீங்கிய பிறகும் பல நாடுகள் பணம் போடவில்லை. கோடிக்கணக்கான மக்கள் இருந்தும் ஸ்பெயின் பெண்கள் அணி முதல் உலகக் கோப்பையை ஆடியது 2015-இல்தான். போர்ச்சுகல் முதல் யூரோவுக்கு வந்தது 2017-இல். முதல் உலகக் கோப்பைக்குப் போனது 2023-இல், ஐஸ்லாந்தை வென்றுதான்.

பெரிய நாடுகள் தங்கள் பெண்களில் பெரும்பாலோரை மைதானத்துக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தவரை, தன் பெண்களுக்கு இடம் கொடுத்த சிறிய நாடு அவற்றோடு சமமாக ஓட முடிந்தது. மக்கள்தொகை எத்தனை கோடி என்பது அப்போது பொருட்டல்ல. எத்தனை சிறுமிகளுக்குப் பந்தும் பயிற்சியாளரும் கிடைத்தார்கள் என்பதே பொருட்டு. அந்த நிலை மாறிவிட்டது. இங்கிலாந்திலும் ஸ்பெயினிலும் தொழில்முறை லீக்குகள் வந்துவிட்டன. முழு உலகக் கால்பந்துக்கும் இது நல்ல செய்தி; ஐஸ்லாந்துக்கு இது முன்னைவிடக் கடினமான போட்டி. நின்ற இடத்தில் நிற்பதற்கே இருமடங்கு ஓட வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும் 2024-இல் ஃபிஃபா தரவரிசையின் முதல் பதினைந்துக்குள் இருந்தது பெரிய சாதனை.

பதினோராவது ஆளுக்குப் பிறகு யார்?

மக்கள்தொகை தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. முதல் பதினொருவர் அல்ல. பன்னிரண்டாவது ஆளிலிருந்து இருபத்து மூன்றாவது ஆள் வரை.

ஐஸ்லாந்தின் முன்னணி வீராங்கனைகள் உலகத் தரம். மார்கிரேத் லௌரா விதார்ஸ்டோத்திர் 124 ஆட்டங்களில் 79 கோல்கள் அடித்து ஓய்வு பெற்றவர். சாரா பியோர்க் லியோன் கிளப்புக்காக 2020 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கோலடித்தவர். க்ளோடிஸ் பெர்லா பயர்ன் மியூனிக்கின் அணித்தலைவி. உலகின் சிறந்த வீராங்கனைக்கான 2024 பாலோன் தோர் விருதின் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்ற தடுப்பாட்டக்காரர். ஸ்வெயின்டிஸ் யானே யோன்ஸ்டோத்திர் பக்கக் கோட்டிலிருந்து எறியும் பந்தைப் பார்க்க வேண்டும். பந்தைத் துணியால் துடைத்து, சில அடிகள் ஓடிவந்து, முதுகை வில்லாக வளைத்து எறிந்தால் அது நேராகக் கோல் வாசலில் போய் விழும். சாதாரண த்ரோ-இன் எதிரணிக்குக் கார்னர் கிக் அளவுக்கு அபாயமாகிவிடுகிறது. 2024 ஜூலை 12 அன்று ரெய்க்யவிக்கின் லௌகார்தால்ஸ்வோட்லூர் மைதானத்தில் ஜெர்மனியை 3–0 என்று நொறுக்கி 2025 யூரோவுக்குத் தகுதி பெற்றபோது, மூன்றாவது கோல் அவருடையது.

இவர்களில் ஒருவர் படுத்தால்? 2025 யூரோவின் முதல் ஆட்டத்தில் நடந்தது அதுதான். ஃபின்லாந்துக்கு எதிராக க்ளோடிஸ் உடல்நலக் குறைவால் இடைவேளையோடு வெளியேறினார். இரண்டாம் பாதியில் இன்னொருவருக்குச் சிவப்பு அட்டை. 0–1 தோல்வி. அடுத்து சுவிட்சர்லாந்திடம் 0–2, நார்வேயிடம் 3–4. மூன்று ஆட்டங்கள், புள்ளி இல்லை. ஸ்பெயினில் ஒரு தடுப்பாட்டக்காரர் போனால் அதே தரத்தில் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். நான்கு லட்சத்துக்குள் அப்படி ஒரு வரிசை இருக்காது.

தோல்விகளை வைத்து அணியை எடைபோடவும் கூடாது. 2013-இல் நெதர்லாந்தை வென்று காலிறுதிக்குப் போனார்கள். அதுவே இதுவரையிலான உச்சம். 2022-இல் பெல்ஜியம், இத்தாலி, பிரான்ஸ் மூன்றோடும் 1–1. ஒரு தோல்விகூட இல்லாமல் வீடு திரும்பினார்கள். அந்தப் போட்டியில் முதல் இரண்டு ஆட்டங்களை ஐயாயிரம் பேர்கூட உட்கார முடியாத ஒரு பயிற்சி மைதானத்தில் வைத்தார்கள். அது பெண்கள் கால்பந்துக்கு மரியாதைக் குறைவு என்று சாரா பியோர்க் போட்டிக்கு முன்பே வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்னதில் தவறே இல்லை.

வாசலுக்கு வெளியே நிற்பதன் விலை

உலகக் கோப்பைக்குப் போகாததால் இழப்பது பெருமை மட்டுமல்ல. 2023 உலகக் கோப்பையில் குழுச் சுற்றோடு வெளியேறிய அணியின் சங்கத்துக்கே 15.6 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அதோடு ஒவ்வொரு வீராங்கனைக்கும் 30,000 டாலர். யூரோவில் கிடைப்பதும் வளர்ந்திருக்கிறது: 2022-இல் மொத்தப் பரிசு 1.6 கோடி யூரோ, 2025-இல் 4.1 கோடி, பங்கேற்கும் ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது 18 லட்சம் யூரோ. சிறிய சங்கத்துக்கு இது ஓராண்டுத் திட்டங்களின் தலையெழுத்தையே மாற்றும் தொகை.

பணம் வந்தால் அது யாரிடம் போகும் என்பதிலும் ஐஸ்லாந்து ஒரு முடிவை எடுத்துவிட்டது. 2018 ஜனவரி முதல் ஆண்கள், பெண்கள் தேசிய அணிகளுக்கு ஒரே ஊக்கத்தொகை. ஆண்கள் அணி முதல் உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் இதைச் செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

எல்லாம் ஒழுங்காக நடந்த வீடு என்றும் சொல்ல முடியாது. 2021-இல், ஆண்கள் அணி வீரர்கள் மீதான பாலியல் அத்துமீறல் புகார்களைச் சங்கம் கையாண்ட விதம் வெளியே வந்ததும் தலைவரும் முழு நிர்வாகக் குழுவும் விலக நேர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் வந்தா சிகுர்கெய்ர்ஸ்டோத்திர். பெண்கள் தேசிய அணியின் முன்னாள் தலைவி, முன்னாள் பயிற்சியாளர். யூஇஎஃப்ஏ உறுப்புச் சங்கம் ஒன்றுக்குத் தலைவரான முதல் பெண் அவர்.

சாரா பியோர்க் தொடுத்த வழக்கோ ஐஸ்லாந்தைத் தாண்டியது. கர்ப்ப காலத்தில் முழு ஊதியம் தராததற்காக லியோன் கிளப் மீது அவர் ஃபிஃபாவிடம் முறையிட்டார். 2021-இல் நடைமுறைக்கு வந்த மகப்பேறு விதிகளின்படி, 82,000 யூரோவுக்கும் மேலான தொகையைக் கிளப் தர வேண்டும் என்று 2022 மே மாதம் தீர்ப்பாயிற்று. இன்று எந்த நாட்டு வீராங்கனையும் அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்கலாம்.

2027-இன் கணக்கு

இப்போதைய முறையில் ஐரோப்பிய அணிகள் ஏ, பி, சி என்று மூன்று லீக்குகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஏ லீக்கில் வலிமையான 16 அணிகள், நான்கு குழுக்களில். இந்த லீக்கில் இருப்பதால் பயன் என்ன, ஆபத்து என்ன?

1. பயன்: ஏ லீக் குழுவில் கடைசியாக வந்தாலும் பிளேஆஃப் வாய்ப்பு கைவிட்டுப் போகாது. முதற்சுற்றுப் பிளேஆஃபில் கீழ் லீக்கின் அணி எதிரே வரும்.

2. ஆபத்து: நேரடி நுழைவு நான்கு குழு வெற்றியாளர்களுக்கு மட்டும். 2025 யூரோவுக்கு இதே ஏ லீக்கின் இரண்டாமிடம் நேரடி டிக்கெட்டாக இருந்தது. உலகக் கோப்பைக்கு அது பிளேஆஃப் சீட்டு. பழைய கணக்கு, புதிய தாளில்.

3. பிளேஆஃப் இரண்டு சுற்றுகள். அதில் வெல்லும் எட்டு அணிகளில் ஏழு நேராகப் பிரேசிலுக்கு. எட்டாவது அணி கண்டங்களுக்கு இடையிலான பிளேஆஃபுக்கு.

ஸ்பெயினும் இங்கிலாந்தும் இருக்கும் குழுவில் முதலிடத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆகவே ஐஸ்லாந்தின் நிஜமான பாதை பிளேஆஃப்தான், அதுவும் 2026 அக்டோபரில் தொடங்கி டிசம்பர் தொடக்கம்வரை நீள்வது. இந்த மாதங்களைக் கவனிக்க வேண்டும். 2008 அக்டோபர் 30 அன்று, நாட்டின் வங்கிகள் சரிந்து சில வாரங்களே ஆன நிலையில், லௌகார்தால்ஸ்வோட்லூரில் பனி உறைந்த தரையில் சறுக்கிச் சறுக்கி ஆடித்தான் அயர்லாந்தை 3–0 என்று வென்று முதல் யூரோவுக்குப் போனார்கள். 2025-இல் அந்த மைதானத்தைத் தோண்டி, அடியில் வெப்பக் குழாய்கள் பதித்து, புது ஆடுகளம் போட்டார்கள். வேலை நடந்தபோது நார்வே, சுவிட்சர்லாந்து ஆட்டங்கள் அருகிலுள்ள கிளப்பின் செயற்கைப் புல் மைதானத்தில் நடந்தன. அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று, ஏ லீக்கில் நீடிப்பதற்காக வட அயர்லாந்தோடு ஆட வேண்டிய இரண்டாவது ஆட்டத்துக்கு முன் ரெய்க்யவிக்கில் பெரும் பனி கொட்டியது. ஆட்டத்தை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். மறுநாள் ஆடி, 3–0 என்று வென்றார்கள்.